42,000 ரூபாய் போச்சு: மெடிக்கல் கோடிங் சேரப்போற பிள்ளைங்க பாத்துக்கிடுங்க

42,000 ரூபாய். நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல ஒரு மெடிக்கல் கோடிங் (நோயாளியோட சார்ட்டை, அதாவது சிகிச்சைப் பதிவைப் படிச்சு, நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடுற வேலை) பயிற்சி நிலையம் எங்க அக்கா மகள்கிட்ட வாங்கின தொகை. பேரு போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ்னு மிரட்டியாச்சு. அடையாளத்துக்கு இது போதும்: மாடியில ரெண்டு ரூம், வாசல்ல "100% வேலை உறுதி, ஆன்காலஜி ஸ்பெஷல் பேட்ச்"னு பேனர் (ஆன்காலஜின்னா புற்றுநோய்ப் பிரிவு). இந்த மாவட்டத்துல இப்படி எத்தனையோ இருக்கு, எல்லாத்துக்கும் சேர்த்தே எழுதுறேன்.

பிள்ளை பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. அவ அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். மழை பிடிச்சா வெட்டு கிடையாது. அக்கா வளையலை அடகு வெச்சுத்தான் அந்த 42,000-ஐக் கட்டினா.

ஏன் நம்பினாங்கன்னு கேப்பீங்க. டெமோ கிளாஸ் அப்படி. போர்டுல ஒரு சார்ட்டு: இடது மார்பகப் புற்றுநோய், கீமோ நடந்துக்கிட்டிருக்கு, "கீமோவால் ரத்தசோகை"ன்னு டாக்டர் எழுதியிருக்கார், அன்னைக்கு நோயாளி வந்தது ரத்தம் ஏத்த மட்டும். முதல்ல கீமோ ரத்தசோகைக்கு டி 64.81, அடுத்து புற்றுநோய்க்கு சி 50.912, பிறகு காரணமான மருந்துக்கு டீ 45.1எக்ஸ்5ஏ. (டி-ன்னா ஆங்கிலத்துல நாலாவது எழுத்து, டீ-ன்னா இருபதாவது.) அச்சு அசலா சரி. ரத்தசோகைக்குப் புற்றுநோயே காரணம்னு இருந்தா வரிசை மாறும், புற்றுநோய்க் கோடு முன்னால, டி 63.0 பின்னாலன்னும் டெமோ எடுத்த சார் சொல்லிக்கொடுத்திருக்கார். ஆன்காலஜி சார்ட்டு பாக்குறதுதான் என் வேலை. வருஷக்கணக்கா கோடிங் பண்றவங்களே தடுமாறுற இடம் இது. "சித்தி, சாருக்கு எல்லாம் தெரியுது"ன்னு பிள்ளை சொன்னா. அந்த ஒரு மணி நேரப் பாடந்தான் 42,000-ஐக் கட்ட வெச்சது.

மறுநாள் அங்க சேர்க்கை பேசுற கவுன்சிலர் அம்மா போன்ல: "மக்ளே, இன்னிக்கு பைசா கெட்டினாத்தான் இந்த பேட்ச்சு. சிபிசி பரீட்சை பீஸும் இதுக்குள்ள வந்திரும். வேலை நம்ம பொறுப்பு." (சிபிசி-ன்னா கோடர் சான்றிதழுக்கான பரீட்சை.) கட்டியாச்சு. அந்த டெமோ சார் அதுக்கப்புறம் தலை காட்டல. வாசல்ல நல்ல ஏத்தன் வாழைக்குலையைத் தொங்கவிட்டு, உள்ளே அழுகினதை நிறுத்துக் கொடுக்குற யாவாரம்.

நேத்து ராத்திரி அவங்க கொடுத்த ஸ்பைரல் நோட்ஸைப் புரட்டினேன். வயிறு எரியுது. கீமோ ரத்தசோகைக்கு 285.3, கூடவே ஈ 933.1-ன்னு போட்டிருக்கு. ஐசிடி-9, பழைய நோய்க் குறியீட்டுப் பட்டியல்! நம்ம பிள்ளைங்க கோடு போடுறது அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டுக்கு. அங்க 2015 அக்டோபர் 1-லேயே ஐசிடி-10-சிஎம் வந்தாச்சு. பழைய நோட்ஸை ஜெராக்ஸ் போட்டு, அட்டையில மட்டும் புது வருஷம்.

புதுக் கோடு இருக்குற பக்கம் இன்னும் மோசம். டீ 45.1எக்ஸ்5-ன்னு ஆறு எழுத்தோட நிறுத்தியிருக்காங்க. ஏழாவது எழுத்து இல்லேன்னா அந்தக் கோடே செல்லாது, இன்சூரன்ஸ் கிளெய்ம் திரும்பி வந்திரும். அஞ்சாவது இடத்து எக்ஸ் சும்மா இடம் பிடிக்க. ஆறாவது இடத்து எண்தான் உயிர். அங்க 5-ன்னா சரியாக் கொடுத்த மருந்தோட பக்கவிளைவு. 1-ன்னா தவறுதலா நடந்த விஷமேற்பு. நோட்ஸ்ல ரெண்டு உதாரணத்துல 1 போட்டிருக்கு. ஒழுங்கா கீமோ கொடுத்த டாக்டர் மருந்தைத் தப்பாக் கொடுத்ததா பதிவாகும், யோசிச்சுப் பாருங்க. இதுல டீ கோடை வேற தலையில தூக்கி வெச்சிருக்காங்க. பக்கவிளைவுல எப்பவும் என்ன ஆச்சுங்கிறது முதல்ல, எந்த மருந்தாலங்கிறது பின்னால.

பான்சைட்டோபீனியாவுக்கு வாங்க. சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூணும் விழுந்து, டாக்டர் "கீமோவால் பான்சைட்டோபீனியா"ன்னு எழுதினா டி 61.810. அதுக்குள்ளேயே ரத்தசோகையும் பிளேட்லெட் குறைவும் அடங்கியாச்சு. இவங்க டி 64.81, டி 69.59-ன்னு தனித்தனியா அடுக்கியிருக்காங்க. பிளேட்லெட் மட்டும் விழுந்திருந்தாத்தான் டி 69.59, கூடவே டீ கோடு. இதையாவது கைத்தவறுன்னு விடலாம். "லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணலாம்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதை எழுதினவரு ஒரு நாளும் கோடிங் ஃப்ளோர்ல உக்காந்திருக்க மாட்டார். ஹீமோகுளோபின் 7 இருந்தாலும் டாக்டர் நோயின் பேரை எழுதலேன்னா கோடர் கோடு போடக் கூடாது. விளக்கம் கேட்டு டாக்டருக்குக் கொயரி அனுப்பணும்.

கீமோவுக்கு அப்புறம் நியூட்ரோபீனியா (ஒரு வகை வெள்ளையணு குறையுறது), கூடவே காய்ச்சல்: அதுக்கு டி 70.1, காய்ச்சலுக்கு ஆர் 50.81, புற்றுநோய்க் கோடு, டீ கோடு. ஆர் 50.81 தனியா முன்னால நிக்காது. நோட்ஸ்ல வெறும் ஆர் 50.9, அதாவது காரணம் தெரியாத காய்ச்சல். காரணம் சார்ட்டுலேயே இருக்கும்போது! இசட் 51.11-ஐ எல்லா சார்ட்டுக்கும் முதல்ல ஒட்டியிருக்காங்க. கீமோ ஏத்த வந்தாத்தான் அது முதல்ல. வந்த இடத்துல சிக்கல் வந்தா அது பின்னால. ரத்தம் ஏத்த மட்டும் வந்தவங்களுக்கு அந்தக் கோடே கிடையாது.

இதைப் படிச்சிட்டுத்தான் பிள்ளை சென்னையில கம்பெனி டெஸ்டுக்குப் போனா. என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

பணத்தைக் கேட்டா முதல்ல "சார் மீட்டிங்ல இருக்காரு". அப்புறம் "அக்கவுண்ட்ஸ் பாக்குற அம்மா லீவு". அப்புறம் "அடுத்த பேட்ச்சுல ஃப்ரீயா உக்காரட்டும், பைசாவைப் பத்தி ஏன் பேசுறிய". வாட்ஸப் குரூப்ல கேட்டதும் அட்மின் மட்டும் எழுதுற மாதிரி மாத்திட்டாங்க. அக்கா நேர்ல போனப்ப ரசீதோட பின்பக்கத்தைக் காட்டினாங்களாம்: 42,000-மும் "பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படாது". சிபிசி பரீட்சைக்கு ஒரு ரூபாய்கூட கட்டல. கட்டியிருந்தா அந்தப் பரீட்சையை நடத்துற அமெரிக்க அமைப்பு ஏஏபிசி-யில இருந்து பிள்ளை பேர்ல உறுப்பினர் எண் வந்திருக்கும். "வேலை நம்ம பொறுப்பு"ன்னது, எல்லார் போனுக்கும் வர்ற வாக்-இன் விளம்பரத்தைக் குரூப்ல போட்டது மட்டுந்தான்.

விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன், கோவத்துல இவ்வளவுதான் வருது. ஐசிடி-10-சிஎம் முழுப் பட்டியலும் விதிமுறையும் அமெரிக்க அரசு இணையதளத்துல இலவசமாக் கிடைக்கும். அதுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீங்க. வருஷா வருஷம் அக்டோபர் 1-ல மாறும், எந்த வருஷப் புத்தகம்னு கேட்டுட்டு உள்ளே போங்க. டெமோ எடுக்குறவர்தான் கடைசி வரை எடுப்பாரான்னு எழுத்துல வாங்குங்க. பரீட்சை பீஸை நீங்களே நேரா கட்டுங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுக்கவே கொடுக்காதீங்க. ரசீதோட பின்பக்கத்தையும் படிங்க.

ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடலாம். நாகர்கோவில்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு; 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நாங்க 42,000-க்கும் போடப்போறோம். அதே பேட்ச்சுல பணம் கட்டினவங்க ரசீதையும் வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிச்சிடாம வையுங்க, சேர்ந்தே போடலாம்.