இலிதியம் ஐதரொட்சைட்டா, சியோலைட்டா?

விண்கலத்தின் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை அகற்ற இரண்டில் எது நல்லது? வெள்ளவத்தையில் உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல பாடம். ஒரு விண்வெளி வீரர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோ காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். அப்பலோ கலங்களில் அதை இலிதியம் ஐதரொட்சைட்டு அகற்றியது. எளிது, நம்பகமானது, ஆனால் தாக்கம் முடிந்ததும் அதை அடைத்துள்ள பெட்டியை மாற்றியே ஆகவேண்டும். சில நாள் பயணத்துக்கு இது போதும்.

மாதக்கணக்கில் தங்குவதென்றால் என் தெரிவு சியோலைட்தான். அது நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம்; அத்துளைகள் வாயுவைப் பிடித்துவைக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அதைச் சூடாக்கி, வெற்றிடத்துக்குத் திறந்து, வாயுவை வெளியேற்றி, மறுபடி பயன்படுத்துகிறார்கள். 1973இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்திலும் சியோலைட்தான். குறை, ஈரம். சியோலைட் காபனீரொட்சைட்டைவிட நீராவியையே விரும்பிப் பிடிக்கும். கொழும்புக் காற்றை நேரே செலுத்தினால் துளைகள் நீரால் நிரம்பிவிடும். ஆகவே சர்வதேச நிலையத்தில் காற்றை முதலில் உலர்த்துகிறார்கள். சியோலைட் மணிகள் தூளாகி வால்வுகளில் சிக்கியதும் உண்டு.