கொட்டகையில் கட்டும் வேக வண்டி: இண்டியனா, வின்சென்டா, ட்ரையம்ஃபா, புல்லட்டா?

நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் ஊரில் ஈ. ஹேய்ஸ் என்று ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. ஆணியும் பெயிண்டும் விற்கிற அந்தக் கடைக்குள்ளேயே, வேக சாதனை வைத்த உள்ளூர்க்காரர் பர்ட் மன்ரோவின் 1920-ஆம் வருட இண்டியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிளைப் பார்க்கலாம். மன்ரோ தன் கொட்டகையில் ஒரு அலமாரி வைத்திருந்தார். உருகிய பிஸ்டன், ஒடிந்த கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) என்று போய்ச்சேர்ந்த பாகங்கள் எல்லாம் அங்கே இருக்கும். ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என்று அதற்குப் பெயர் எழுதி வைத்திருந்தார்.

பழைய மோட்டார் சைக்கிளை எடுத்து, வீட்டிலேயே நேர்கோட்டு வேக ஓட்டத்துக்குத் தயார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் அந்த அலமாரியைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். எந்த வண்டி வேகமாகப் போகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எது உடையும், உடைந்ததை என் லேத்தில் என்னால் திரும்பச் செய்துகொள்ள முடியுமா என்று கேட்கிறவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான்கு வண்டிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் இண்டியன் ஸ்கவுட். அயர்லாந்துக்காரரான சார்லஸ் ஃபிராங்க்ளின் வடிவமைத்தது. 600 சிசி, இரட்டை சிலிண்டர் வி-ட்வின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சைடு வால்வு அமைப்பு. கடையில் வாங்கும்போது மணிக்கு 89 கிலோமீட்டர் போன வண்டி அது. மன்ரோ 1926-இல் அதில் கை வைக்க ஆரம்பித்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துப் பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் அச்சுத்தண்டைக் குடைந்து கனெக்டிங் ராடு செய்தார். மைக்ரோமீட்டருக்குப் பதில் ஒரு பழைய சைக்கிள் ஸ்போக்கை வைத்து அளந்தார். சைடு வால்வைத் தூக்கிவிட்டுத் தலைக்கு மேல் வால்வு வரும்படி தானே ஹெட் செய்துகொண்டார். 600 சிசி கடைசியில் 950 ஆனது. 1967-இல் அமெரிக்காவின் பானவில் உப்புத்தரையில் 1000 சிசிக்கு உட்பட்ட வகுப்பில் அவர் வைத்த சாதனை, மணிக்கு 296 கிலோமீட்டர்.

இதைப் படித்துவிட்டு இண்டியன் வாங்கக் கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1926-க்கும் 1967-க்கும் நடுவே 41 வருடம். அந்த இஞ்சினில் தொழிற்சாலை செய்த பாகம் கொஞ்சம்தான் மிஞ்சியது. சைடு வால்வு இஞ்சினில் காற்று வளைந்து நெளிந்து உள்ளே போக வேண்டும், கம்ப்ரஷனையும் ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. அந்தச் சுவரை உடைக்க மன்ரோ புது இஞ்சினே செய்ய வேண்டியிருந்தது. உலோகம் வார்க்கவும் கடையவும் பிடிக்கும், அதுவே எனக்குச் சந்தோஷம் என்கிறவருக்கு இண்டியனைவிட நல்ல வண்டி கிடையாது. அடுத்த வருடமே ஓட வேண்டும் என்கிறவருக்கு அது சரிப்படாது.

வின்சென்ட் இதற்கு நேர் எதிர். 998 சிசி, தலைக்கு மேல் வால்வு. இஞ்சினையே சட்டத்தின் பகுதியாக வைத்துக் கட்டிய வண்டி, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வேகத்துக்குத் தயார். 1948 செப்டம்பர் 13 அன்று அமெரிக்க ஓட்டக்காரர் ரோலி ஃப்ரீ அதன் மேல் குப்புறப் படுத்து, நீச்சல் டிரவுசர் அணிந்து, பானவில்லில் மணிக்கு 150.313 மைல் போனார். ஏறத்தாழ 242 கிலோமீட்டர். அதற்கு முந்தைய ஓட்டத்தில் அவருடைய தோல் உடை காற்றில் கிழிந்துபோனது, அதனால்தான் அதையும் கழற்றிவிட்டார். இன்றைக்கு அப்படிப் போனால் தொடக்கக் கோட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவே சரியும்கூட.

வின்சென்டின் சிக்கல் விலைதான். 2018-இல் அதன் பந்தய மாடலான பிளாக் லைட்னிங் ஒன்று 9,29,000 டாலருக்கு ஏலம் போனது. சாதாரண ரேப்பிட் மாடல்கூட எளிதில் கிடைக்கிற பொருள் இல்லை. அப்படிப்பட்ட வண்டியின் கிராங்க் கேஸில், அதாவது இஞ்சினின் அடிப்பெட்டியில், கனெக்டிங் ராடு ஒன்று ஓட்டை போட்டுவிட்டால் மனசு ஆறுமா? பரிசோதனைக்கு எடுக்கிற வண்டியைத் தொடும்போது கை நடுங்கக் கூடாது. இருக்கிற வின்சென்டுகளை இருக்கிறபடியே ஓட்டிப் பாதுகாப்பதுதான் நியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் ட்ரையம்ஃப். என் ஓட்டு இதற்குத்தான், காரணத்தையும் விரிவாகச் சொல்கிறேன்.

1956-இல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனம் முழுப் படையோடு பானவில் வந்து, சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இஞ்சினுக்கு ஊட்டும் கருவி) பூட்டிய 500 சிசி வண்டியில் வில்ஹெல்ம் ஹெர்ட்ஸை ஓட்டவைத்து மணிக்கு 339 கிலோமீட்டர் தொட்டது. அடுத்த மாதமே டெக்சஸ்காரர்கள் மூன்று பேர் அங்கே போனார்கள். ஸ்டார்மி மேங்கம் ஒரு விமானி, காற்றை எளிதாகக் கிழிக்க வண்டியை மூடும் உறையைக் கட்டியவர். ஜாக் வில்சன் இஞ்சினைத் தயார் செய்தவர். ஜானி ஆலன் ஓட்டியவர். அவர்களுடைய சுருட்டு வடிவ உறைக்குள் இருந்தது ட்ரையம்ஃப் தண்டர்பேர்டின் 650 சிசி இஞ்சின், வார்ப்பிரும்பு ஹெட், எரிபொருள் மெத்தனால். சூப்பர்சார்ஜர் கிடையாது. 214 மைல், அதாவது 344 கிலோமீட்டருக்கும் மேலே போய்விட்டார்கள். உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அதைச் சாதனையாக ஏற்க மறுத்தது வேறு கதை. ட்ரையம்ஃப் தன் அடுத்த மாடலுக்கு ‘பானவில்’ என்று பெயர் வைத்ததற்கு இந்த வண்டிதான் காரணம்.

இஞ்சின் கணக்குக்கு வருவோம். போர் (சிலிண்டரின் விட்டம்) 71 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 82 மி.மீ., இரண்டு சிலிண்டரும் சேர்த்து 649 சிசி. பந்தயத்தில் 650 சிசி என்று ஒரு வகுப்பு இருக்கிறது, ஒரு சிசி இடைவெளியில் அதற்குள் அப்படியே பொருந்துகிறது. 7000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 19 மீட்டர். பழைய உலோகத்துக்கு அதிகம்தான், ஆனால் நல்ல பிஸ்டன் போட்டால் தாங்கும்.

இதைவிட முக்கியமானது கனெக்டிங் ராடு. இண்டியன், வின்சென்ட், புல்லட் மூன்றிலும் கிராங்க் பின்னை இரண்டு பிளைவீலுக்கு நடுவே இறுக்கித்தான் கட்டியிருப்பார்கள். ராடு கிராங்கோடு சேரும் பெரிய முனையில் உள்ள பேரிங் போனால் பிளைவீலைப் பிரித்து, திரும்பச் சேர்த்து, நூலளவு ஆட்டமில்லாமல் நேர் பார்க்க வேண்டும். பழகிய கைக்கே ஒரு நாள் போய்விடும். ட்ரையம்ஃபில் ராடின் அடிமுனை இரண்டாகப் பிரியும், போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், கார் இஞ்சின் மாதிரி. வீட்டு மேசையிலேயே மாற்றிவிடலாம். உதிரி பாகங்களை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவதால் அதிர்வு கடுமையாக இருக்கும். கிராங்குக்கு இரண்டு ஓரத்தில்தான் பேரிங், நடுவில் தாங்கல் கிடையாது. வேகம் ஏற ஏற அது வில்லாக வளையும். அதனால் ட்ரையம்ஃபில் முதல் செலவு கார்புரேட்டருக்கு இல்லை, கிராங்க் பேலன்ஸுக்கு. அதைத் தள்ளிப்போடவே கூடாது.

நம் ஊர்க்காரர் உடனே கேட்பார், புல்லட் இருக்கிறதே என்று. கேட்க வேண்டியதுதான். 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் ஆரம்பித்து, இங்கிலாந்தில் ஆலை மூடிய பிறகும் அந்தப் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் இஞ்சினைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்தது சென்னைதான். அதன் பாகங்கள் கிடைக்காத ஊர் இல்லை, அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக் இல்லாத தெருவும் குறைவு. இஞ்சின் 346 சிசி, பெரியது 499 சிசி. இவையும் 350, 500 வகுப்புகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 500 புல்லட்டின் போரும் ஸ்ட்ரோக்கும் 84-க்கு 90. வின்சென்டின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே 84-க்கு 90 தான் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வரும்.

புல்லட் தோற்பது அடிமுனையில். பழைய புல்லட்டின் பெரிய முனையில் ரோலர் பேரிங் இல்லை, மிதக்கும் புஷ் (உருளைகள் இல்லாத, எண்ணெயில் சுழலும் உலோக வளையம்) இருக்கும். மெதுவாக இழுக்க அது அருமையானது. நீண்ட நேரம் முழு திராட்டிலில் பிடித்தால் எண்ணெய் அழுத்தம் போதாமல் சூடேறிவிடும். வெளியிலிருந்து ரோலர் பேரிங் ராடு வாங்கிப் போட்டுக்கொண்டு, எண்ணெய் பம்பையும் பெரிதாக்கினால்தான் அதை நம்பலாம். இன்னொன்று, வடிவம் 1949-ஐச் சேர்ந்தது என்றாலும் உங்கள் இஞ்சின் 1990-இல் வார்த்ததாக இருக்கலாம். பழைய இஞ்சின் வகுப்பில் சேர்ப்பார்களா என்பதை ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன்பே அமைப்பாளரிடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

வண்டி எதுவானாலும் அடுத்து வருகிற கேள்வி, உறை போடுவதா, திறந்தபடியே ஓட்டுவதா என்பது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். மன்ரோவின் ஸ்கவுட் 89-இலிருந்து 296-க்குப் போக வெறும் இஞ்சினையே நம்பியிருந்தால் 37 மடங்கு சக்தி வேண்டியிருக்கும். திறந்தவெளியில் படுத்துப் போன ரோலி ஃப்ரீக்கு 1000 சிசியில் 242. உறைக்குள் இருந்த ஆலனுக்கு 650 சிசியில் 344. வித்தியாசத்தின் பெரும்பகுதி உறைதான். ஆனால் முன்பக்கம் அதிகக் காற்றை வாங்குகிற உறை வண்டியை ஆட்டத் தொடங்கும், 250-க்கு மேல் அந்த ஆட்டத்தைக் கையால் அடக்க முடியாது. முதல் வண்டியைத் திறந்தபடியே கட்டுங்கள். ஹேண்டிலைத் தாழ்த்தி, கால் வைக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீரிங் டாம்பர் போட்டு, வயிறு டேங்கில் படும்படி படுக்கப் பழகினால் அதுவே பாதி உறை.

பெட்ரோலா, மெத்தனாலா? மெத்தனால் ஆவியாகும்போது இஞ்சினைக் குளிரவைக்கும், அதனால் கம்ப்ரஷனை 13-க்கு 1 வரை ஏற்றலாம். பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும், எனவே ஜெட், குழாய், டேப் எல்லாம் பெரிதாக வேண்டும். ஈரத்தை இழுத்து அலுமினியத்தை அரிக்கும். எல்லாவற்றையும்விட, பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக் கொட்டகையில் குழந்தைகள் ஓடியாடுகிற இடத்தில் இதை வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். முதல் வருடம் பெட்ரோல் வகுப்பு போதும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. பானவில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் இஞ்சினின் சக்தி குறையும், எதிர்க்காற்றும் ஏறக்குறைய அதே அளவு குறையும், கார்புரேட்டர் ஜெட்டை மட்டும் சின்னதாக்க வேண்டும். ஆனால் அங்கே உப்பு மெலிந்துகொண்டே வருகிறது, 2014, 2015, 2022 வருடங்களில் அங்கே நடக்கும் வருடாந்திர வேக ஓட்டமான ஸ்பீட் வீக்கே ரத்தானது. தென் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் ஏரியில் உப்பு தடிமன், உயரமும் குறைவு. வேல்ஸின் பெண்டைன் கடற்கரையில் 11 கிலோமீட்டர் மணல், ஆனால் அலை சொல்கிற நேரத்துக்குத்தான் ஓட்டம்.

பானவில்லில் சாதனை என்றால் ஒரு ஓட்டம் போதாது. ஸ்பீட் வீக்கில் முதல் ஓட்டம் பழைய எண்ணைத் தாண்டினால் வண்டியைத் தனி இடத்தில் நிறுத்தி, சில மணி நேரம் மட்டும் வேலை பார்க்க விட்டு, மறுநாள் காலை மீண்டும் ஓடச் சொல்வார்கள். இரண்டின் சராசரிதான் கணக்கு. அந்தச் சில மணி நேரத்தில் பெரிய முனை பேரிங்கைக் கழற்றிப் பார்த்து மாற்றுவதற்கு ட்ரையம்ஃபில் வழி இருக்கிறது, புல்லட்டில் இல்லை. மன்ரோவின் 1967 சராசரியையே தப்பாகக் கூட்டியிருந்தார்கள். அவருடைய மகன் அதைக் கண்டுபிடித்துச் சொல்லி, 2014-இல்தான் மணிக்கு 295.453 கிலோமீட்டர் என்பது 296.2593 என்று திருத்தப்பட்டது. மன்ரோ இறந்து அப்போது 36 வருடம் ஆகியிருந்தது.