கிரனாடாவில் ஃபிளமெங்கோ பார்க்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஃபிளமெங்கோ என்பது பாட்டும் கிடாரும் ஆட்டமும் சேர்ந்த ஸ்பெயின் கலை. அங்கே கிரனாடா நகரில் இரண்டு பேருக்கு 116 யூரோ கொடுத்து அதைப் பார்க்கப் போனோம். அங்கே பாடுவதற்கு ஆளே இல்லை. பாட்டு ஸ்பீக்கரிலிருந்து வந்தது. கிடார்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவரும் பாதி நேரம் பதிவுக்கு மேலே வாசித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து, விளக்கைப் போட்டு எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

நானும் அம்மாவும் பத்து நாள் ஸ்பெயின் போயிருந்தோம். அம்மா கோயம்புத்தூரில் முப்பது வருஷம் பரதம் சொல்லிக்கொடுத்தவர். தன் மாணவிகளுக்கு அவரேதான் நட்டுவாங்கம் செய்வார், அதாவது தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவார். அல்ஹம்ப்ரா அரண்மனை எனக்காக, ஃபிளமெங்கோ அவருக்காக என்று கிளம்பும்போதே பேசிவைத்திருந்தோம். அந்த இரவைக் கெடுத்தார்களே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிரனாடாவில் பிளாசா நுவேவா என்ற சதுக்கத்திலிருந்துதான் மேட்டுக்குப் போகும் சிறிய பேருந்துகள் கிளம்பும். அங்கே நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஃபைலோடு ஒருவர் நின்றார். நாங்கள் இந்தியாவா என்று கேட்டார். ஆமாம் என்றதும், "இது உங்கள் நாட்டிலிருந்து வந்த ஆட்டம்தான் அம்மா, ராஜஸ்தானிலிருந்து ஜிப்சிகள் கொண்டுவந்தது" என்று ஆரம்பித்தார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஜிப்சிகளின் மூதாதையர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள், ஸ்பெயினுக்கு 15ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஃபிளமெங்கோ நாம் இன்று பார்க்கும் உருவத்தை எடுத்தது கிரனாடா இருக்கும் தென் ஸ்பெயின் பகுதியான அந்தலூசியா மண்ணில்தான். ஜிப்சிகள், அரபு வழி வந்தவர்கள், உள்ளூர் நாட்டுப்பாடல்கள் என்று பல கைகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அந்த ஆள் நம்மைப் பார்த்துப் பேச்சை மாற்றுகிறார் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அவர் காட்டிய தாளில் யுனெஸ்கோ பெயர் பெரிதாக இருந்தது. 2010-ல் யுனெஸ்கோ ஃபிளமெங்கோவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது நிஜம். அது கலைக்குக் கிடைத்த அங்கீகாரம். ஆட்டம் நடத்தும் எந்தக் குகைக்கும் எந்த ஏஜென்ட்டுக்கும் கொடுத்த சான்றிதழ் இல்லை. இன்றைக்கு எல்லா இடமும் நிரம்பிவிட்டது, இரண்டே இடம் பாக்கி, முன்வரிசை, நான்கு கலைஞர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல், வேனில் அழைத்துப்போய் வேனில் கொண்டுவந்து விடுவோம், வழியில் கைடோடு அல்பைசீன் என்ற பழைய குடியிருப்புப் பகுதியைச் சுற்றிப் பார்க்கலாம், ஒரு பானம் இலவசம் என்று அடுக்கினார். ஆளுக்கு 58 யூரோ. கார்டு மெஷினில் ரூபாயா யூரோவா என்று கேட்டது. நான் பார்ப்பதற்குள் அவரே ரூபாயை அழுத்திவிட்டார். ஏறத்தாழ 600 ரூபாய் கூடுதலாகப் போனது அறைக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மெஷின் அப்படிக் கேட்டால் எப்போதும் யூரோவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான். மெஷினைக் கையில் வாங்கி நீங்களே அழுத்துங்கள்.

வேன் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. அல்பைசீன் நடை என்றது பத்து நிமிடம். தெரு முழுக்கக் கூழாங்கல் பதித்த ஏற்றம், அம்மாவுக்கு முழங்கால் வலி. சான் நிக்கோலாஸ் மேட்டில் ஐந்து நிமிடம் நிறுத்தினார்கள். எதிர்க் குன்றில் விளக்கொளியில் அல்ஹம்ப்ரா தெரிந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, அது பொது இடம்.

அங்கிருந்து சாக்ரோமோந்தே. குன்றைக் குடைந்த குகை வீடுகள் உள்ள பகுதி. வெள்ளையடித்த சுவர், கூரையிலிருந்து தொங்கும் செம்புப் பாத்திரங்கள், நீளமாக உள்ளே போகும் அறை. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் குகைகள் பலவற்றில் இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி நாற்காலி போட்டிருப்பார்கள், நடுவில் உள்ள ஒடுக்கமான இடத்தில் ஆடுவார்கள். ஆடுபவரின் பாவாடை முழங்காலில் உரசும். அப்படிப்பட்ட இடத்தில் ஏறக்குறைய எல்லாருமே முன்வரிசைதான். அதைத்தான் எங்களிடம் தனி விலை போட்டு விற்றார்கள். விற்றுவிட்டு, பக்கத்தில் குடைந்திருந்த சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு வளைவு. அதன் வழியாக ஆடுபவரின் பாதி உடம்புதான் தெரியும், கால் தெரியவே தெரியாது. ஃபிளமெங்கோவில் கால் தெரியவில்லை என்றால் என்ன பார்ப்பது? கேட்டதற்கு, நல்ல இடங்கள் ஒரு ஹோட்டல் குழுவுக்கு ஒதுக்கியவை என்றார்கள்.

இரண்டு பெண்கள் ஆடினார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றாகவே ஆடினார்கள். ஆனால் முதல் உருப்படி தொடங்கியதும் அம்மா என் கையைப் பிடித்து, "ஏங்கண்ணு, பாடறவங்க எங்கே?" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. மூலையில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர்தான் இருந்தது.

இது ஏன் அவ்வளவு பெரிய குறை என்று கேட்பீர்கள். ஃபிளமெங்கோவுக்கு முதுகெலும்பே பாட்டு. காந்தே என்பார்கள். முதலில் பாட்டு, பிறகு கிடார், பிறகுதான் ஆட்டம் என்று ரசிகர்கள் வரிசை சொல்வார்கள். ஆடுபவர் காலால் ஓர் அழைப்பு விடுவார், பாடகர் அதைக் கேட்டு அடியெடுப்பார். பாடகர் ஒரு வரியை இழுத்தால் ஆடுபவர் நின்று காத்திருப்பார், கிடார்க்காரர் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் கைதட்டித் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். எல்லாம் அந்த நிமிடத்தில் கண்ணாலும் காதாலும் தீர்மானமாவது. பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. நட்டுவாங்கமும் பாட்டும் இல்லாமல் சிடி போட்டு ஒரு பரத நிகழ்ச்சி முழுக்க ஆடினால் நம் ஊரில் ரசிகர்கள் எப்படி எழுந்து போவார்களோ, அப்படித்தான் இதுவும்.

முப்பத்தைந்து நிமிடத்தில் கடைசிப் பத்து நிமிடம் பார்வையாளர்களைக் கையைப் பிடித்து இழுத்து ஆடவைத்தார்கள். இடையில் கேட்காமலேயே ஒரு ஜாடி சங்க்ரியா, பழத்துண்டு போட்ட ஒயின், மேசைமேல் வந்தது. இலவச பானம் அதுதான் என்று நினைத்தோம். அம்மா குடிப்பதில்லை, நான் அரை டம்ளர் குடித்தேன். எழும்போது 24 யூரோ பில். இலவசம் என்றது சின்னக் கண்ணாடியில் கொடுக்கும் பானமாம். வாசலில் நுழையும்போது எடுத்த போட்டோவை அட்டையில் ஒட்டி 12 யூரோ என்று நீட்டினார்கள், வாங்கவில்லை. வெளியே அடுத்த குழு காத்து நின்றது. எங்களைக் கொண்டுவந்த வேன் வேறொரு குழுவோடு போய்விட்டது, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். இரவு பதினொன்றேகால். அந்த வளைந்த பாதையில் அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கம் முழுக்க நடத்திக்கொண்டுவந்து, சப்பீஸ் ஏற்றத்தின் முனையில்தான் டாக்சி பிடித்தேன்.

குகையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன். அந்தலூசியாவில் வாடிக்கையாளருக்குச் சேவை தரும் எந்தக் கடையும் உணவகமும் புகார்ப் படிவம் வைத்திருக்க வேண்டும், வைத்திருக்கிறோம் என்ற அறிவிப்பையும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். அது சட்டம். 'ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்' என்று கேட்க வேண்டும். முதலில் இல்லை என்றார்கள். சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினேன். தீர்ந்துவிட்டது என்றார்கள். சரி, உள்ளூர் போலீஸ் எண் 092-ஐக் கூப்பிடுகிறேன், அவர்களிடம் சொல்லுங்கள் என்றதும் படிவம் வந்தது, கூடவே 24 யூரோவும் திரும்பி வந்தது. மீதிக்கு, டிக்கெட்டை விற்றது நாங்கள் இல்லை என்றார்கள். அங்கே பூர்த்தி செய்து உங்கள் பிரதியை வாங்கிக்கொண்டால், பத்து வேலை நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். பதில் இல்லாவிட்டாலோ, ஒத்துவராவிட்டாலோ நகராட்சியின் நுகர்வோர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகலாம். எங்களுக்கு 116 யூரோவில் ஒன்றும் திரும்பவில்லை. காரணம், கையில் இருந்த டிக்கெட்டில் குகையின் பெயரும் இல்லை, விற்றவர் பெயரும் இல்லை. யாரை எதிர்த்து எழுதுவது?

எல்லாக் குகைகளும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள், அது பெரிய அநியாயம். தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடிவரும் ஜிப்சிக் குடும்பங்கள் உண்டு. சம்ப்ரா என்று அந்தக் குன்றுக்கே உரிய ஆட்டம் ஒன்று இருக்கிறது. அல்போரெயா, கச்சூச்சா, மோஸ்கா என்று மூன்று பகுதிகள், அவர்கள் கல்யாணச் சடங்கை ஒட்டி வந்தவை. 1963-ல் கடும் மழையில் குகைகள் இடிந்து ஏராளமான குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. அதற்குப் பிறகும் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள். இந்த ஏமாற்று வேலையில் அவர்கள் பெயரும் சேர்ந்து கெடுகிறது.

மறுநாள் தங்கியிருந்த விடுதிப் பெண்மணியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, பெஞாவுக்குப் போங்கள் என்றார். பெஞா என்பது ஃபிளமெங்கோ ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம், நம் சபா மாதிரி. கிரனாடாவில் 1949-ல் தொடங்கிய லா பிளாதெரியா இந்தச் சங்கங்களிலேயே மிகப் பழையது என்று பெயர் பெற்றது. உறுப்பினர் அல்லாதவர்களையும் சில இரவுகளில் அனுமதிக்கிறார்கள். அல்பைசீனில் அப்படி ஒரு சங்கத்துக்குப் போனோம். முதல் நாள் ஒருவருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

அறுபது வயதிருக்கும் ஒருவர் சாதாரணச் சட்டையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் கிடார். மைக் இல்லை. யாரோ இருமியதற்கு முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி திரும்பி முறைத்தார். பாடகர் கண்ணை மூடி ஓர் 'ஆய்' இழுத்தார் பாருங்கள், எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. சொலெயா என்ற வகை. மெதுவான பன்னிரண்டு எண்ணிக்கை. அம்மா சேலை மடிப்புக்குள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து என் காதில், "பன்னெண்டுதான் கண்ணு, ஆனா பத்துல வந்து முடிக்கிறாரு" என்றார். உண்மைதான், சொலெயாவில் அழுத்தம் மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டில் விழும், வரி பத்தில் வந்து அமரும். புத்தகத்தில் படித்து நான் தெரிந்துகொண்டதை அவர் கேட்டே பிடித்துவிட்டார். கடைசியில் ஆடிய பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதாவது இருக்கும். கையைத் தூக்கி அசையாமல் நின்றார். பாட்டு வரும்வரை நின்றார். பாட்டு வந்த பிறகுதான் கால் விழுந்தது. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் மெல்ல "ஓலே" என்றார்கள், நம் சபாஷ் மாதிரி. முதல் நாள் குகையில் ஓலே போடச் சொல்லி எங்களை மிரட்டாத குறையாகக் கத்த வைத்திருந்தார்கள்.

போகிறவர்கள் ஒன்றே ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பாடகர் நேரில் பாடுகிறாரா, அவர் பெயர் என்ன? 'காந்தே என் திரெக்தோ?' என்றால் போதும். ஒழுங்கான இடமாக இருந்தால் அன்றைய பாடகர், கிடார்க்காரர், ஆடுபவர் பெயரை வாசலிலோ தங்கள் தளத்திலோ போட்டிருப்பார்கள். பெயர் சொல்லத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். டிக்கெட்டை அரங்கிலேயே, இல்லையென்றால் அவர்களுடைய சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். நாங்கள் ஏமாந்த அதே குகையின் வாசலில் 25 யூரோ என்று பலகை இருந்தது, வெளியே வரும்போதுதான் பார்த்தேன். நடையும் வேனும் போக ஆட்டம் மட்டும் எத்தனை நிமிடம், திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சாக்ரோமோந்தேவுக்கு பிளாசா நுவேவாவிலிருந்து சி34 பேருந்து போகிறது, இரவு கடைசி வண்டி எப்போது என்று நிறுத்தத்தில் பார்த்துவிட்டு ஏறுங்கள். கேட்காமல் மேசைக்கு வருவதைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். கதீட்ரல் பக்கம் ரோஸ்மேரி கொத்தைக் கையில் திணித்து ரேகை பார்க்க வரும் பெண்களிடமும் கையை நீட்ட வேண்டாம், அதுவும் பணத்தில்தான் முடியும்.

அந்தலூசியாவின் இன்னொரு நகரமான செவில்லுக்குப் போகிறவர்களுக்கும் இதே கேள்விதான். அங்கே பழைய வீடுகளின் முற்றத்தில், மைக் இல்லாமல், கடைசிப் பாட்டு வரை போட்டோ எடுக்கவிடாமல் நடத்தும் சிறிய அரங்குகள் இருக்கின்றன. இரட்டைப்படை வருஷங்களில் செப்டம்பர் மாதம் போனால் 1980-லிருந்து நடக்கும் பெரிய ஃபிளமெங்கோ விழாவும் கிடைக்கும்.

அந்தத் துண்டுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேரம், தொகை, 'குகை' என்று ஒரு சொல். வேறொன்றும் அதில் இல்லை. இப்படி ஒன்றை யாராவது நீட்டினால், கார்டை எடுப்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.