பேரிடர் மேலாண்மை மேற்படிப்பு: மும்பையா, இக்னோவா, லண்டனா?

இந்தப் படிப்புக்கு உதாரணம் தேடி மதுரைக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. 2022இல் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் 2 பேர் இறந்தார்கள். 2023 ஆகஸ்டில் ரயில்வே யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் போனார்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். சரி, படிப்பு எங்கே?

டிகிரி முடித்துவிட்டு இதையே தொழிலாக எடுக்க நினைப்பவருக்கு என் ஓட்டு மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்குத்தான். 2 வருட முதுகலை. வகுப்போடு களப்பணியும் உண்டு. வெள்ளம் வடிந்த ஊரில் நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விடுபடுகிறது என்பதை நேரில் போய்ப் பார்க்காமல் கற்க முடியாது. தொண்டு நிறுவன வேலைகளுக்கு இந்த அனுபவம்தான் பேசும்.

இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தருவது முதுகலைப் பட்டம் அல்ல, முதுநிலை டிப்ளமோ. குறைந்தது 1 வருடம். மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது. வேலையில்லாதவர் இதை மட்டும் நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். ஆனால் வி.ஏ.ஓ., தீயணைப்பு வீரர், செவிலியர் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. காரணம் நம் அமைப்பு. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். களத்தில் ஓடுவது தாசில்தாரும் வி.ஏ.ஓ.வும். வெளியிலிருந்து பட்டத்தோடு வருபவரைவிட, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் கையில்தான் இந்தப் படிப்பு உடனே வேலை செய்யும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 1 வருடத்தில் எம்.எஸ்சி. முடிந்துவிடும். நிலநடுக்கம், வெள்ளம், ஆபத்துக் கணக்கீடு என்று அறிவியல் பக்கம் கனமானது. புவியியலோ சிவிலோ படித்து, காப்பீட்டு நிறுவனங்களுக்கு இழப்பை மதிப்பிடும் வேலைக்குப் போக நினைப்பவர் யோசிக்கலாம். பிரிட்டனில் 2004 சட்டம் உள்ளாட்சிகள் மீதே அவசரத் திட்டமிடும் கடமையைச் சுமத்தியிருப்பதால், அதற்கென்றே தனி அலுவலர்கள் உண்டு. நம் மாநகராட்சியில் அப்படியொரு நாற்காலியை எதிர்பார்த்து வீட்டை அடகு வைத்துவிடாதீர்கள்!

பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் கதை வேறு. ஆனால் அதற்கு 2 வருட வேலை அனுபவம் கேட்பார்கள். படித்த பின் நாடு திரும்பி 2 வருடமாவது இங்கே இருக்க வேண்டும். அதனால் முதலில் மும்பை, அப்புறம் வேலை, பிறகு லண்டன் என்று போவதே என் கணக்கில் சரியான வரிசை.