ஒரு ரவுட்டரில் இரண்டு லைனா, ரவுட்டரே இரண்டா?

மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி ஆபீஸுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தேன். "லைன் போனா தானா மாறணும் தம்பி, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஓனர் ஐஸ் வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். மாறுவது சரி, எதைப் பார்த்து மாறுவது? ஒரே ரவுட்டரில் இரண்டு இன்டர்நெட் லைனைச் செருகுவதும், ரவுட்டரையே இரண்டு வாங்கி, ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் விஆர்ஆர்பி போடுவதும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

விஆர்ஆர்பி 1998-இல் வந்த ஏற்பாடு. இரண்டு ரவுட்டருக்கும் பொதுவாக ஓர் ஐபி, ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு அதுதான் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல். வேலை பார்க்கிற ரவுட்டர், அதாவது மாஸ்டர், நொடிக்கொரு தடவை 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும், மூன்று குரல் தொடர்ந்து வராவிட்டால் பேக்கப்பாகக் காத்திருக்கும் மற்றது எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும். காத்திருக்கும் ரவுட்டரின் பிரையாரிட்டி (யார் மாஸ்டர் என்று முடிவு செய்யும் எண்) 100 என்றால் சுமார் 3.6 நொடியில் முடிந்துவிடும். இதே வேலையைச் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் எச்எஸ்ஆர்பி கொஞ்சம் நிதானம்: 3 நொடிக்கொரு குரல், 10 நொடி பொறுமை.

வேகத்தில் குறையே இல்லை. ஆனால் அது கேட்பது பக்கத்து ரவுட்டரின் குரலை மட்டும்தான். வெளியே ஜேசிபி ஃபைபரை அறுத்துப் போட்டாலும் மாஸ்டர் உள்ளே உட்கார்ந்து 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், ஆபீஸில் ஒருவருக்கும் நெட் இருக்காது. லைனைச் சோதித்து பிரையாரிட்டியைக் குறைக்கும் டிராக்கிங்கை நாம்தான் தனியாக எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவிட்ச் மக்கர் பண்ணினால் இன்னும் மோசம், இரண்டும் தன்னையே மாஸ்டர் என்று நினைத்து ஒரே ஐபிக்கு மல்லுக்கு நிற்கும். (இரண்டு ரவுட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்த இடத்தையும் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு ரவுட்டரே போதுமே.)

ஒற்றை ரவுட்டரில் இரண்டு லைன் என்றால் சோதிப்பது லைனையே. இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டரில் லைனின் கேட்வேக்கு பிங் செக் ('இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் பார்க்கும் சோதனை) போட்டால் 10 நொடிக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்கும், இரண்டு தடவை பதில் இல்லையென்றால் லைன் செத்தது என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த கேட்வே பல இடங்களில் பக்கத்து மேஜையில் இருக்கும் மோடம்தான்! அது எப்போதும் பதில் சொல்லும். அதனால் 8.8.8.8, 1.1.1.1 என்று வெளியே இரண்டு முகவரிகளைச் சோதிக்க வையுங்கள், இரண்டும் சேர்ந்து விழுந்தால் மட்டும் மாறட்டும்.

நம் கரையில் லைன் ஒரேயடியாகச் சாவது குறைவு, உப்புக்காற்றில் பாதி உயிரோடு இழுத்துக்கொண்டு கிடப்பதுதான் அதிகம். அந்த ஆபீஸில் மாடியிலிருந்து இறங்கும் கேபிளின் பிளக்கைக் கழற்றினால் எட்டு பின்னில் மூன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. லைட் எரிகிறது, பிங் பத்துக்கு நாலு வருகிறது. மாறும், திரும்பும், மறுபடி மாறும். ஒவ்வொரு தடவையும் வெளி ஐபி மாறுவதால் சென்னைக்குப் போகும் விபிஎன் (இன்டர்நெட் வழியே போட்ட தனிப் பாதை) அறுந்து எழும், பில் போடுகிற அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மருந்து ரொம்ப எளிது. போவதற்கு அவசரம் இருக்கலாம், திரும்புவதற்கு வேண்டாம். மூன்று சோதனை தொடர்ந்து தவறினால் மாறட்டும், பழைய லைன் ஐந்து நிமிஷம் விடாமல் நன்றாக இருந்தால் மட்டும் திரும்பட்டும். விஆர்ஆர்பியில் மாஸ்டர் மீண்டதும் பதவியைப் பிடுங்கிக்கொள்வதுதான் வழக்கமான செட்டிங், அதை அணைத்துவிடுங்கள். லினக்ஸில் விஆர்ஆர்பி ஓட்டும் கீப்அலைவ்டி மென்பொருளைப் பயன்படுத்தினால் அதற்கு இரண்டு பக்கமும் பேக்கப் நிலையிலேயே தொடங்க வேண்டும்.

என் கணக்கில் கடை, லாட்ஜ், ஐஸ் பிளான்ட் எல்லாவற்றுக்கும் ஒற்றை ரவுட்டரும் ஒரு ஃபைபரும் ஒரு சிம்மும் போதும், அதே மாடலில் இன்னொரு ரவுட்டரை செட்டிங் ஏற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். ராத்திரியும் ஆள் இருக்கிற, ஒரு நிமிஷம்கூட நிற்கக்கூடாத இடத்துக்கு மட்டும் விஆர்ஆர்பி. ராமேஸ்வரம் தீவுக்குள் என்றால் இரண்டு கம்பெனி ஃபைபர் வாங்குவதற்கு முன் இரண்டும் எந்த வழியாகக் கடல் தாண்டுகின்றன என்று கேளுங்கள், இரண்டும் ஒரே பாலத்தைப் பிடித்து வந்தால் அது ஒரு லைன்தான். சிம்மில் வெளியிலிருந்து கேமரா பார்ப்பது பெரும்பாலும் நடக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாறியதும் ஓனர் போனுக்கு ஒரு மெசேஜ் போகிற மாதிரி வைக்க மறந்துவிட்டேன். ஃபைபர் விழுந்தது ஒருவருக்கும் தெரியவில்லை, மூன்று வாரம் சிம்மிலேயே ஓடி, டேட்டா தீர்ந்த அன்றைக்குத்தான் "தம்பி, ரெண்டு லைனும் போச்சே" என்று கூப்பிட்டார்.