அமைச்சர் சம்பளம்: மலேசியச் சட்டமா, சிங்கப்பூர் சூத்திரமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் சம்பளம் ஏற வேண்டுமென்றால் தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் பேசிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அடித்தளமாகக் குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அமைச்சர்களோடு அப்படிப் பேரம் பேச எதிர்த்தரப்பே கிடையாது.

நம் அரசியலமைப்பின் 43(9) பிரிவுப்படி, அமைச்சரவையின் ஊதியத்தை நாடாளுமன்றமே சட்டம் போட்டு வகுக்கிறது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வந்ததுதான். நாடாளுமன்ற உறுப்பினர்களின் படியும் அதே சபையின் கையில்: 2015இல் மாதம் சுமார் 6,500 ரிங்கிட்டிலிருந்து 16,000க்குத் தாவியது. தோட்டத்தில் யாராவது அப்படி ஒரு தாவலைப் பார்த்திருக்கிறார்களா? குறைப்பதும் தலைவரின் மனம்போலத்தான். 2018இல் அப்போதைய பிரதமர் மகாதீர் அமைச்சர்கள் சம்பளத்தில் 10 விழுக்காடு வெட்டினார். 2022இல் பிரதமரான அன்வார் தனக்குப் பிரதமர் சம்பளமே வேண்டாம் என்றார். நல்ல மனசுதான், சரி. அடுத்து வருபவரை அது கட்டுப்படுத்தாதே.

சிங்கப்பூரில் 2012 முதல் கணக்கு வேறு. அதிகம் சம்பாதிக்கும் 1,000 குடிமக்களின் வருமானத்தை வரிசைப்படுத்தி நடுவில் வரும் இடைநிலை அளவை எடுத்து, பொதுச்சேவை என்பதற்காக 40 விழுக்காடு கழிக்கிறார்கள். அப்போது தொடக்கநிலை அமைச்சருக்கு ஆண்டுக்கு 11 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வந்தது, பிரதமருக்கு இரட்டிப்பு. பணக்காரர்களை வைத்து அளப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அமைச்சர்களுடைய போனஸ், அடித்தட்டு 20 விழுக்காட்டினரின் வருமான வளர்ச்சியையும் வேலையின்மையையும் பார்க்கிறது. ரப்பர் விலையைப் பார்த்துப் பால்மரத் தொழிலாளிக்குப் படி கணக்கிட்ட ஊரில் இது ஒன்றும் புதுமை இல்லை. அந்த போனஸ் பகுதியை மட்டும் இங்கே கொண்டுவந்தால் நான் கை தூக்குவேன்.