டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி: செகண்ட் ஹேண்டில் இன்னும் மவுசு குறையாத மஸில் கார்

டெட்ராய்ட் புறநகரில் இருக்கிறேன். 2016 மாடல் டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஆபீஸ், கடைகண்ணி, சிகாகோ பயணம் என்று எல்லாவற்றுக்கும் அதையே பல வருடமாக ஓட்டி வருகிறேன். ஆர்/டி என்பது சேலஞ்சரில் 5.7 லிட்டர் ஹெமி (டாட்ஜின் புகழ்பெற்ற பெரிய எஞ்சின் வகை) வி8 எஞ்சின் வரும் ரகம். என்னுடையது 8 கியர் ஆட்டோமேட்டிக், நீல நிறம். வார இறுதியில் மட்டும் உறையைக் கழற்றி எடுக்கும் வண்டி அல்ல. அதனால் தினமும் ஓட்டுகிறவனுக்குத் தெரிகிற விஷயங்களைத்தான் எழுதப்போகிறேன். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் 2015 அல்லது அதற்குப் பிந்தைய ஆர்/டியாகப் பாருங்கள், யாரும் கை வைக்காத வண்டியாகப் பாருங்கள்.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். அசல் சேலஞ்சர் 1970 முதல் 1974 வரை வந்தது. பிளிமத் பாரகூடாவின் உடன்பிறப்பு. ஆறு சிலிண்டர் எஞ்சினில் தொடங்கி 426 கன அங்குல ஹெமி வரை கொடுத்தார்கள். போட்டிக் கார்களான ஃபோர்டு மஸ்டாங்கும் ஷெவர்லே கமாரோவும் வந்து பல வருடம் கழித்துக் களத்துக்கு வந்த கார் அது. வந்த வேகத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு இறுகியது, 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஐந்தே மாடல் வருடங்களில் கதை முடிந்தது. அப்புறம் 1978-ல் மிட்சுபிஷி தயாரித்த ஒரு சின்னக் காருக்கு இதே பெயரை வைத்து விற்றார்கள். பழைய காருக்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான், வேறு உறவில்லை.

உண்மையான மறுபிறவி 2006 ஜனவரியில் டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில் காட்டிய மாதிரி வண்டி. 2008-ல் அது எஸ்ஆர்டி8 என்ற பெயரில் 6.1 லிட்டர் ஹெமியோடு தெருவுக்கு வந்தது. அதன் சக்தி 425 குதிரைத் திறன். 1970-ன் 426 ஹெமிக்கும் காகிதத்தில் இதே 425 தான். ஆனால் அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியாகக் கழற்றி வைத்து, புகைக்குழாய், ஆல்டர்னேட்டர் போன்ற சுமை எதுவும் இல்லாமல் அளந்தார்கள். இப்போது அவ்வளவையும் மாட்டிய பிறகுதான் அளக்கிறார்கள். ஆகவே புதிய 425 உண்மையில் பெரியது. பழசுதான் பலசாலி என்று சொல்கிறவர்களிடம் இதை நான் சலிக்காமல் எடுத்துச் சொல்வதுண்டு.

இந்தக் காரைத் திட்டமிட்ட காலத்தில் டாட்ஜின் தாய்க் கம்பெனியான கிரைஸ்லரும் மெர்சிடிஸும் டெய்ம்லர்கிரைஸ்லர் என்று ஒரே கூரையின்கீழ் இருந்தன. சேலஞ்சரின் அடித்தளம் சார்ஜர், கிரைஸ்லர் 300 ஆகிய பெரிய செடான் கார்களுடையது. பின்சக்கர சஸ்பென்ஷன் மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் வடிவமைப்பிலிருந்து வந்தது. ஓட்டினால் இது உடனே தெரியும். மஸில் கார் என்றதும் முதுகை உடைக்கும் என்று பயப்படுகிறார்கள். இது குண்டும் குழியுமான மிச்சிகன் சாலையில் பெரிய சொகுசு கார் மாதிரி மிதந்து போகிறது. இந்தச் சேலஞ்சரை மறுபடி உருவாக்கியவர்கள் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான் என்பேன். மஸ்டாங்கும் கமாரோவும் ரேஸ் டிராக்கில் மடக்கித் திருப்புவதில் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, டாட்ஜ் பழைய அமெரிக்கக் காரின் குணத்தையே பிடித்துக்கொண்டது: பெரிய உடம்பு, பெரிய எஞ்சின், நேர்ச்சாலை, நீண்ட தூரம்.

உடம்பு என்றால் சும்மா இல்லை. நீளம் ஐந்து மீட்டரைத் தொடுகிறது. எடை 1,900 கிலோ. பின்னால் மூன்று பேருக்கு சீட் பெல்ட் இருக்கிறது. மஸ்டாங்கிலும் கமாரோவிலும் இரண்டு பேருக்குத்தான். டிக்கி 16.2 கன அடி, ஏறக்குறைய 460 லிட்டர். ஒரு குடும்பத்தின் விமானப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட் போய் வந்திருக்கிறேன். இந்த ரகக் காரில் இது பெரிய விஷயம். குழந்தைக்கான கார் சீட்டும் பொருந்தும். ஆனால் அதை மாட்ட முன்சீட்டை மடக்கிக் குனிந்து உள்ளே போக வேண்டும். கதவு மிக நீளம், நெருக்கமாக நிறுத்திய பார்க்கிங்கில் முழுதாகத் திறக்காது. நான் எங்கே போனாலும் கடைசி வரிசையில் ஓரமாக இடம் பார்த்து நிறுத்தப் பழகிவிட்டேன்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 372 குதிரைத் திறன், 400 பவுண்ட்-அடி முறுக்குவிசை. இந்த எண்களைவிட அந்தச் சக்தி வரும் விதம்தான் முக்கியம். ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி அமுக்கினாலே போதும், ஹைவேயில் நுழையும் சரிவுப் பாதையில் லாரிகளுக்கு முன்னால் போய்விடலாம். எஞ்சினை அலற விட வேண்டிய அவசியமே வராது. காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் உரக்க உறுமும், பிறகு மெல்ல இறங்கி, அடிவயிற்றில் அதிர்கிற ஒரு தாழ்ந்த சத்தத்தில் நிலைக்கும். கம்பெனி சைலன்சரிலேயே இந்தச் சத்தம் போதுமானது. வெளியில் வாங்கி மாட்டும் சைலன்சர் நீண்ட பயணத்தில் காதுக்குள் இரைந்துகொண்டே இருக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்னொரு வசதி உண்டு. சீரான வேகத்தில் போகும்போது எட்டு சிலிண்டரில் நான்கு தூங்கிவிடும். ஐ-94 சாலையில் சிகாகோ பக்கம் போகும்போது கவனித்தால், ஒரு நொடியில் சத்தத்தின் சுருதி மாறுவது கேட்கும். காலை லேசாக அழுத்தினால் எட்டும் விழித்துக்கொள்ளும். அமெரிக்க அரசின் கணக்குப்படி நகரத்தில் கேலனுக்கு 16 மைல், ஹைவேயில் 25 மைல். நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 7 முதல் 10.5 கிலோமீட்டர் வரும். ஹைவேயில் நிதானமாகப் போனால் அந்த 25 எனக்குக் கிடைக்கிறது. நகரத்தில், அதுவும் பனிக்காலத்தில், 16-ஐ எதிர்பார்க்காதீர்கள். 89 ஆக்டேன் பெட்ரோல் போதும். ஆர்/டிக்கு மேலான 6.4 லிட்டர் எஞ்சின் ரகமான ஸ்காட் பேக்குக்குப் பிரீமியம் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். வருடம் முழுக்க ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் பையைக் கடிக்கும்.

பனியில் ஓட்ட முடியுமா? முடியும், ஆனால் கோடைக்கும் குளிருக்கும் பொதுவான ஆல்-சீசன் டயரோடு வேண்டாம். பின்சக்கரத்துக்குப் போகும் இந்த முறுக்குவிசை ஐஸ் படிந்த சிக்னலில் வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும். நவம்பரில் நான் நான்கு சக்கரத்துக்கும் வின்டர் டயர் மாற்றிவிடுகிறேன். அப்புறம் மழைச்சாலை போலத்தான் இருக்கிறது. உண்மையான எதிரி சாலையில் கொட்டும் உப்பு. வெயில் வந்த நாளெல்லாம் அடிப்பகுதியைக் கழுவும் கார்வாஷுக்குக் கொண்டுபோக வேண்டும். பேட்டரி டிக்கியின் ஓரத்தில் இருப்பதால் கடுங்குளிரில் பேட்டரி சார்ஜர் மாட்டுவதும் எளிது.

பிடிக்காதவையும் உண்டு. பின்பக்கத் தூண் அவ்வளவு தடிமன், வலப்பக்கத் தடத்தில் வருகிற வண்டியை முழுதாக மறைத்துவிடும். பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். வளைவுகளில் எடை தெரியும். மலைப்பாதையில் பாய்ந்து பாய்ந்து ஓட்ட ஆசை என்றால் மஸ்டாங் வாங்குங்கள். 2017-க்கு முந்தைய திரையில் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ கிடையாது. 2017, 2018 வண்டிகளில் அவை உண்டு, ஆனால் திரையின் மேலடுக்கு உரிந்து குமிழி விடுவது பரவலாகத் தெரிந்த கோளாறு. பார்க்கும்போது திரையின் ஓரங்களைக் கவனியுங்கள்.

பராமரிப்புதான் எனக்கு நிம்மதி தந்த பகுதி. 2008-ல் தொடங்கி 2023 வரை கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் அடிப்படையில் ஒரே காரைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் இதைக் குறையாக எழுதின. பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது வரம். சார்ஜர், கிரைஸ்லர் 300, ராம் பிக்கப் எல்லாவற்றிலும் இதே ஹெமி ஓடுவதால் உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். பிக்கப் லாரி பழுதுபார்க்கிற எந்த மெக்கானிக்குக்கும் இந்த எஞ்சின் அத்துப்படி. ஆயில் 5டபிள்யூ-20, ஏழு குவார்ட், அதாவது ஆறரை லிட்டருக்கு மேல். சிலிண்டருக்கு இரண்டாகப் பதினாறு ஸ்பார்க் பிளக். எனக்கு டயர், பிரேக் பேட், பேட்டரி, பிளக் என்று தேய்மானச் செலவுதான் ஆகியிருக்கிறது.

சரி, சந்தைக்கு வருவோம். 2021, 2022 இரண்டு வருடமும் அமெரிக்காவில் சேலஞ்சர் மஸ்டாங்கைவிட அதிகம் விற்றது. 2023 டிசம்பரோடு உற்பத்தி நின்றது. அதற்குப் பின் வந்த புதிய சார்ஜர் முதலில் மின்சார வண்டியாகவும், பிறகு ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினோடும் வந்தது. வி8 சத்தம் வேண்டுமென்று அலைகிறவர்கள் எல்லாரும் பழைய சேலஞ்சர் பக்கம் திரும்பினார்கள். அதனால் சுத்தமான வண்டிக்கு நல்ல விலை சொல்கிறார்கள். ஆனால் விற்பனைக்கு நிற்கும் வண்டிகள் ஏராளம் என்பதால், அவசரப்படாதவருக்கு நியாயமான விலையில் கிடைக்கும்.

மாடல் வருடத்தைப் பொறுத்தவரை 2015 ஒரு கோடு. அந்த வருடம்தான் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் போய் எட்டு கியர் வந்தது. உள்பக்கமும் 1971 மாடலை நினைவூட்டும்படி மாறியது. 2011-14 வண்டிகள் மோசமில்லை, ஆனால் பழைய கியர்பாக்ஸ் எஞ்சினைச் சோம்பலாக்குகிறது. ஆறு கியர் மேனுவல் கிடைத்தால் அது தனி சந்தோஷம். அதில் மட்டும் நான்கு சிலிண்டர் தூங்கும் வசதி இல்லை. சூப்பர்சார்ஜர் பொருத்திய 707 குதிரைத் திறன் ரகமான ஹெல்கேட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஓட்ட அற்புதமான கார்தான், ஆனால் திருடர்களுக்கும் அதன்மேல் கண். 2021-ல் ஹெல்கேட், ஸ்காட் பேக் வண்டிகளுக்கு நான்கு இலக்க ரகசிய எண் போடும் மென்பொருளை டாட்ஜ் இலவசமாகக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த எண் போடாவிட்டால் எஞ்சின் வெறும் ஐடில் வேகத்தைத் தாண்டாது. வாங்குவதானால் அந்த அப்டேட் ஏற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் இன்ஷூரன்ஸ் கட்டணத்தையும் கேட்டு வையுங்கள்.

நான் தேடிய காலத்தில் ஒரு பழைய கார் டீலர் ஆர்/டி என்று சொல்லி ஒரு வண்டியைக் காட்டினார். பக்கவாட்டில் ஹெமி எழுத்து, புதுப் பெயின்ட் மினுமினுப்பு, எல்லாம் சரி. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி கொடுக்கும் அடையாள எண்) படித்தேன். எட்டாவது இடத்தில் 'ஜி'. அது 3.6 லிட்டர் வி6. வாடகைக் கம்பெனிகள் ஓட்டித் தள்ளிய எஸ்எக்ஸ்டி ரகத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் 'டி' (டயர் என்பதன் முதல் ஆங்கில எழுத்து) இருந்தால் 5.7 ஹெமி, 'ஜே' இருந்தால் 6.4, '9' என்ற எண் இருந்தால் ஹெல்கேட். இதைத் தெரிந்துகொண்டு போனால் யாரும் ஏமாற்ற முடியாது.

அப்புறம், வண்டி பார்க்கப் போகுமுன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஹெமியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி) பிடித்திருக்கும் போல்ட்கள், குறிப்பாகக் கடைசி சிலிண்டர் பக்கம், முறிவதுண்டு. முறிந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் டிக்டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். உலோகம் சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும். முன்கூட்டியே சூடேற்றிக் காட்டினால் உங்களுக்குத் தெரியவே வராது. சூடான பிறகும் டிக்டிக் நிற்காவிட்டால் எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் லிஃப்டர், கேம்ஷாஃப்ட் தேய்மானமாக இருக்கலாம். அது பெரிய செலவு, விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.

பின்சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டயரை எரித்து விளையாடிய வண்டியில் ரப்பர் துணுக்குகள் உருகிக் கறுப்பாக ஒட்டியிருக்கும். வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த இடத்தை யாரும் சுரண்டுவதில்லை. முன்டயர் பழசாகவும் பின்டயர் இரண்டு மட்டும் புத்தம் புதிதாகவும் இருந்தாலும் அதே சந்தேகம்தான். என் வண்டி முதல் உரிமையாளர் ஆயில் மாற்றிய ரசீதுகளையெல்லாம் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்த வண்டி. அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தேன்.

விலை குறைவு என்று 2008-10 மாடல்களைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில், 2005 முதல் 2010 வரையிலான மேக்னம், சேலஞ்சர், சார்ஜர், 300 கார்களில் டகாட்டா என்ற கம்பெனி செய்த பழுதான ஏர்பேக்கை மாற்றாதவற்றை ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனியே அறிவித்தது. மோதலில் அந்த ஏர்பேக் வெடித்து இரும்புத் துண்டுகளை ஓட்டுநர்மேல் பாய்ச்சக்கூடும், உயிர்கள் போயிருக்கின்றன. மாற்றித் தருவது இலவசம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் வின் எண்ணைப் போட்டால் ரீகால் (கம்பெனி திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்யும் வேலை) பாக்கி இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். பாக்கி என்று வந்தால், மாற்றிய சான்று கைக்கு வரும்வரை அந்த வண்டியை டெஸ்ட் டிரைவுக்குக்கூட எடுக்காதீர்கள்.